மலையில் ஆடி, சுரங்கத்தில் லென்ஸ், கையில் முப்பட்டகம்: எது எங்கே, ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். கோடைக்கானல் சென்றபோது அங்குள்ள சூரியத் தொலைநோக்கியில் லென்ஸ் இருப்பதாகச் சொன்னார்கள். காவலூரில் பார்த்ததோ 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி. வீட்டிலிருக்கும் 10×50 பைனாகுலரின் மேல் ‘பிஏகே-4 முப்பட்டகம்’ என்று அச்சிட்டிருக்கிறது. மூன்றும் தொலைவில் இருப்பதைப் பார்க்கத்தான் என்றால் ஏன் மூன்று வழிகள்? நல்ல லென்ஸுக்குச் செலவழிக்க முடியாதவர்கள் செய்துகொண்ட சமரசமா ஆடி? ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு எதை வாங்கித் தருவது? பல கேள்விகளாகத் தெரிந்தாலும் நீங்கள் அறிய விரும்புவது எது உயர்ந்தது என்பதைத்தான். அப்படியொரு தரவரிசை கிடையாது. எவ்வளவு பெரியது, எதைப் பார்க்கப் போகிறது, யார் கையில் இருக்கப் போகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். கல்லூரி ஒளியியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன், ஓய்வு நேரத்தில் குழியாடி தேய்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

லென்ஸும் ஆடியும் ஒரே வேலைக்குப் போட்டியிடுபவை. தொலைவிலிருந்து இணையாக வரும் ஒளியைத் திரட்டி ஒரு புள்ளியில் குவித்துப் பிம்பம் உண்டாக்குவதே அந்த வேலை. லென்ஸ் ஒளியை வளைத்துக் குவிக்கிறது, குழியாடி ஒளியைத் திருப்பிக் குவிக்கிறது. முப்பட்டகத்துக்கு இந்தப் போட்டியில் இடமே இல்லை. அதன் முகங்கள் தட்டையானவை, அதனால் எதையும் குவிக்க முடியாது. ஒளியின் பாதையைத் திருப்புவது, நிறங்களைப் பிரிப்பது என்ற இரண்டும்தான் அதனால் ஆகும். ஆகவே ‘முப்பட்டகத் தொலைநோக்கி’ என்று எதுவும் இல்லை. உங்கள் பைனாகுலரும் லென்ஸ் தொலைநோக்கிதான், முப்பட்டகம் அதற்குள் துணைக்கு இருக்கிறது. அதேபோல முழுக்க ஆடியால் ஆனது என்று நாம் சொல்லும் தொலைநோக்கியிலும் கண் வைக்கும் முனையில் லென்ஸ்கள் இருக்கின்றன. ஆடி உண்டாக்கிய சிறு பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுபவை அவைதான்.

முதலில் லென்ஸின் கதை. 1608இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் லிப்பர்ஹே என்ற மூக்குக் கண்ணாடிக்காரர் தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இது ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் முதலில் செய்தவர் அவர்தானா என்பது தீராத வழக்கு, அதே காலத்தில் வேறு இருவரும் உரிமை கோரினார்கள். கலிலியோ 1609இல் தாமே ஒன்றைச் செய்து வானை நோக்கித் திருப்பினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகள் தெரிந்தன. இவையெல்லாம் விரலகல லென்ஸ்கள். அவற்றைப் பெரிதாக்க முயன்றபோதுதான் சிக்கல் தொடங்கியது.

கண்ணாடி நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக வளைக்கும். எனவே ஒற்றை லென்ஸ் நீலத்தை அருகிலும் சிவப்பைச் சற்றுத் தள்ளியும் குவிக்கிறது. நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா வளையம் படர்கிறது. பாடநூலில் நிறப்பிறழ்ச்சி என்று படித்திருப்பீர்கள். லென்ஸின் வளைவைக் குறைத்துக் குவியத் தொலைவை, அதாவது லென்ஸிலிருந்து ஒளி குவியும் புள்ளிவரையுள்ள தூரத்தை, நீட்டினால் இந்தக் கோளாறு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் பதினேழாம் நூற்றாண்டில் தொலைநோக்கிகள் நீண்டுகொண்டே போயின. இன்றைய போலந்திலுள்ள டான்ஸிக் நகரில் ஹெவெலியஸ் என்ற வானியலாளர் 1670களில் நிறுத்திய தொலைநோக்கி ஏறத்தாழ 46 மீட்டர் நீளம். உயர்ந்த கம்பத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சிறு காற்றடித்தாலும் முழுதும் ஆடும்.

நியூட்டன் முப்பட்டகத்தை வைத்து நிறங்களை ஆராய்ந்துவிட்டு, லென்ஸ் இருக்கும்வரை இந்த நிறக்கோளாறு தீராது என்று முடிவுகட்டினார். அந்த முடிவின் பலனாக 1668இல் அவர் செய்த ஆடித் தொலைநோக்கி ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆடியின் விட்டம் மூன்று சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. லென்ஸைப் பற்றிய அவருடைய முடிவு தவறு. எல்லாக் கண்ணாடிகளும் நிறங்களை ஒரே விகிதத்தில் பிரிக்கும் என்று அவர் நினைத்தார், உண்மையில் கண்ணாடிக்குக் கண்ணாடி அது மாறுபடுகிறது. கிரவுன் கண்ணாடியில் குவிலென்ஸும், அதைவிட அதிகமாக நிறம் பிரிக்கும் ஃபிளின்ட் கண்ணாடியில் குழிலென்ஸும் செய்து ஒட்டினாற்போல் வைத்தால் ஒன்றின் நிறக்கோளாறை மற்றொன்று பெருமளவு ஈடுசெய்துவிடும், குவிக்கும் திறனும் மிச்சமிருக்கும். செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கில வழக்கறிஞர் 1730களில் இதைச் செய்துகாட்டினார். ஜான் டாலண்ட் 1758இல் காப்புரிமை பெற்றுச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இன்று உங்கள் பைனாகுலரின் முன்பக்கம் இருப்பதும் அந்த இரட்டை லென்ஸின் வாரிசுதான். நியூட்டன் தவறான காரணத்துக்காகச் சரியான கருவியைச் செய்தார் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

நிறக்கோளாறு அடங்கிய பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டில் லென்ஸ்கள் வளரத் தொடங்கின. 1888இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் 36 அங்குலம், 1897இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் யெர்க்ஸ் வானாய்வகத்தில் 40 அங்குலம். 1900 பாரிஸ் கண்காட்சிக்காக 125 சென்டிமீட்டர் லென்ஸ் ஒன்றும் செய்தார்கள். அதை வானில் எந்தத் திசைக்கும் திருப்ப முடியாது என்பதால் குழாயைத் தரையில் படுக்கவைத்து, இரண்டு மீட்டர் தட்டை ஆடி ஒன்றால் ஒளியை உள்ளே செலுத்தினார்கள். கண்காட்சி முடிந்ததும் வாங்க ஆளில்லாமல் பிரித்து விற்கப்பட்டது. வானியல் ஆய்வில் தொடர்ந்து உழைத்த லென்ஸ்களில் யெர்க்ஸ்தான் மிகப் பெரியது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதை யாரும் தாண்டவில்லை.

காரணம் எளிது. லென்ஸ் வழியாக ஒளி கடந்துபோக வேண்டும், எனவே விளிம்பில் மட்டுமே அதைப் பிடிக்க முடியும். ஒரு மீட்டர் அகலக் கண்ணாடியை ஓரத்தில் மட்டும் பிடித்தால், விளிம்பைப் பற்றித் தூக்கிய பெரிய தோசையைப் போல நடுப்பகுதி தன் எடையிலேயே தொய்கிறது. தொய்வு மிகச் சிறியதுதான், ஆனால் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் பெரிது. தொலைநோக்கியைத் திருப்பத் திருப்பத் தொய்வும் மாறும். தடிமனைக் கூட்டினால் எடை கூடும், கண்ணாடி விழுங்கும் ஒளியும் கூடும், புற ஊதா ஒளி ஏறக்குறைய வராமலே போய்விடும். உள்ளே குமிழோ அடர்த்தி வேறுபாடோ இல்லாத அத்தனை பெரிய கண்ணாடிப் பாளத்தை வார்ப்பதும் பெரும்பாடு. போதாததற்கு இரட்டை லென்ஸில் நான்கு பரப்புகளைத் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். ஆடிக்கு ஒரே பரப்பு. ஒளி கண்ணாடிக்குள் நுழைவதே இல்லை என்பதால் உள்ளே குமிழ் இருந்தாலும் பாதகமில்லை, எல்லா நிறங்களும் ஒரே இடத்தில் குவிகின்றன, பின்புறம் முழுவதையும் தாங்கிப் பிடிக்கலாம். ஆடி வென்றது விலையால் மட்டும் அல்ல. ஒரு மீட்டருக்கு மேல் போக வேறு வழியே இருக்கவில்லை.

ஆனால் ஆடி சுலபமான பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். லென்ஸின் பரப்பில் ஒரு சிறு மேடு இருந்தால் ஒளியலையில் ஏற்படும் பிழை அந்த மேட்டின் உயரத்தில் ஏறத்தாழ பாதிதான். ஆடியிலோ ஒளி போகவும் வரவும் அதைக் கடப்பதால் பிழை இரட்டிப்பாகிறது. ஆக, ஒரே தரமான பிம்பம் வேண்டுமென்றால் ஆடியின் பரப்பு லென்ஸின் பரப்பைவிட நான்கு மடங்கு துல்லியமாக இருக்க வேண்டும். பிம்பத்தைக் கெடுக்காத வரம்பாக நாங்கள் கொள்வது, பரப்பில் பச்சை ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு. அது 0.07 மைக்ரான் அளவில் வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இதைக் கையால் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியும், அதுதான் இந்தப் பொழுதுபோக்கின் அழகே. இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையில் கார்போரண்டம் தூளும் நீரும் விட்டு முன்னும் பின்னும் தேய்த்தால் மேலுள்ளது குழியாகிறது, கீழுள்ளது குவிகிறது. திசையை மாற்றிக்கொண்டே தேய்ப்பதால் இரண்டும் தாமாகவே கோளப் பரப்பை நோக்கிப் போகின்றன. எந்தத் திசையில் நகர்த்தினாலும் முழுதும் பொருந்தித் தொடக்கூடிய வளைபரப்பு கோளம் மட்டுமே. தூளை நயமாக்கிக்கொண்டே போய், கடைசியில் தார் போன்ற கீல் பூசிய தட்டின்மேல் சீரியம் ஆக்சைடு வைத்து மெருகேற்ற வேண்டும். பிறகு வருவதுதான் கலை. கோளப் பரப்பு விளிம்பில் விழும் ஒளியைச் சற்று முன்னதாகக் குவித்துவிடும், எல்லா ஒளியையும் ஒரே புள்ளியில் குவிப்பது பரவளையப் பரப்பு. 150 மில்லிமீட்டர் விட்டம், 1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவு கொண்ட ஆடியில் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் விளிம்பில் உள்ள வேறுபாடு 0.3 மைக்ரானுக்கும் குறைவு. இதை அளக்கும் முறையைப் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858இல் கண்டுபிடித்தார். ஆடியின் வளைவு மையத்தில் ஒரு சிறு ஒளிப்புள்ளியையும் ஒரு சவர பிளேடையும் வைத்து, திரும்பிவரும் ஒளிக்கற்றையைப் பிளேடு முனையால் மெல்ல வெட்டினால் ஆடியின் மேடுபள்ளங்கள் நிழலாகத் தெரியும். விரல் சூட்டில் கண்ணாடி புடைப்பதைக்கூட அதில் பார்க்கலாம். முதன்முறை பார்க்கும் மாணவர்கள் ஏதோ ஏமாற்று வேலை என்றே நினைப்பார்கள்.

பிழையான அளவுகோல் என்ன செய்யும் என்பதற்கு ஹபிள் தொலைநோக்கியைவிடச் சிறந்த பாடம் இல்லை. அதன் 2.4 மீட்டர் ஆடி மிக மிக நேர்த்தியாக மெருகேற்றப்பட்டது, ஆனால் தவறான வடிவத்துக்கு. சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததால் ஆடியின் விளிம்பு ஏறத்தாழ 2 மைக்ரான் தட்டையாகிவிட்டது. 1990இல் விண்ணுக்குப் போன பிறகுதான் பிம்பம் மங்கலாக இருப்பது தெரிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்தினார்கள். பிழை எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்ததால்தான் அதற்கு நேர் எதிரான பிழையைச் செய்து அதை ஈடுகட்ட முடிந்தது.

ஆடிக்கு நெடுங்காலம் வேறொரு சாபமும் இருந்தது. பழைய ஆடிகள் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தால் ஆனவை. புதிதாக மெருகேற்றியபோதே விழும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் திருப்பும், சில மாதங்களில் மங்கிவிடும். மீண்டும் மெருகேற்றினால் வடிவம் போய்விடும். அயர்லாந்தில் ராஸ் பிரபு 1845இல் நிறுவிய 72 அங்குலத் தொலைநோக்கிக்கு இதனாலேயே இரண்டு ஆடிகள் வைத்திருந்தார், ஒன்று பட்டறையில் இருக்கும்போது மற்றொன்று குழாயில். 1850களின் நடுவில் ஸ்டைன்ஹைலும் ஃபூக்கோவும் கண்ணாடியின் முன்பரப்பில் மெல்லிய வெள்ளிப் பூச்சு ஏற்றும் முறையைத் தொலைநோக்கிக்குக் கொண்டுவந்தார்கள். மங்கினால் பூச்சை மட்டும் கரைத்துவிட்டு மறுபடி பூசலாம், கண்ணாடியின் வடிவம் அப்படியே இருக்கும். ஆடியின் காலம் உண்மையில் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1930களில் வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் முறை வந்தது, இன்றும் பெரும்பாலும் அதுதான். நம் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருக்கும், தொலைநோக்கியில் முன்னால். பின்னால் இருந்தால் முன்பரப்பிலிருந்தும் ஒரு மங்கலான பிம்பம் கிடைத்து எல்லாம் இரட்டையாகத் தெரியும்.

காவலூருக்கு வருவோம். ஜவ்வாது மலையில் 1986இல் பயன்பாட்டுக்கு வந்த அந்த 2.34 மீட்டர் ஆடிக்கான கண்ணாடிப் பாளம் ஜெர்மனியிலிருந்து வந்தது. வெப்பத்தில் ஏறக்குறைய விரிவடையாத வகைக் கண்ணாடி அது. தேய்த்ததும் மெருகேற்றியதும் பெங்களூருவில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பட்டறையில். அந்தத் திட்டத்தை முன்னின்று நடத்திய வைணு பாப்பு 1982இலேயே மறைந்துவிட்டார், கருவிக்கு அவர் பெயரை வைத்தார்கள். இருட்டில் நம் கண்மணி 7 மில்லிமீட்டர்வரை விரியும். 2.34 மீட்டர் ஆடி திரட்டும் ஒளி அதைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் அதிகம். இதே அளவில் லென்ஸ் செய்திருந்தால் குழாயின் நீளம் எங்கோ போயிருக்கும். இங்கே குழியாடியின் குவியத் தொலைவு ஏழரை மீட்டர் அளவில்தான். அதன் எதிரில் வைத்த சிறு குவியாடி ஒன்று ஒளியைத் திருப்பி, பெரிய ஆடியின் நடுவிலுள்ள துளை வழியாக வெளியே அனுப்பும்போது குவியத் தொலைவு 30 மீட்டர் அளவுக்கு நீண்டுவிடுகிறது. பாதையை மடித்துச் சுருக்குவது ஆடிக்கே உரிய வசதி.

அந்தச் சிறு ஆடி நடுவில் நின்று மறைக்கிறதே, பிம்பத்தின் நடுவில் கறுப்புப் புள்ளி விழாதா என்று கேட்டிருந்தீர்கள். விழாது. ஆடியின் ஒவ்வொரு பகுதியும் முழுப் பிம்பத்தையும் உண்டாக்குகிறது. நடுப்பகுதி மறைந்தால் மொத்த வெளிச்சம் சற்றுக் குறையும், கூர்மையில் நுட்பமான ஓர் இழப்பு இருக்கும், அவ்வளவே. பூதக்கண்ணாடியின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிவிட்டு ஜன்னலின் பிம்பத்தைச் சுவரில் விழச்செய்து பாருங்கள், மகளும் புரிந்துகொள்வாள். சிறு ஆடியைத் தாங்கும் கம்பிகள் மட்டும் பிரகாசமான நட்சத்திரங்களைச் சுற்றிக் கதிர்க்கோடுகளை உண்டாக்கும். படங்களில் நீங்கள் காணும் கூர்முனைகளில் பல இப்படி வந்தவை.

அப்படியானால் கோடைக்கானலில் ஏன் லென்ஸ்? சூரியனைப் பார்ப்பவருக்கு ஒளிப் பஞ்சம் இல்லை. அவருக்கு வேண்டியது பெரிய பிம்பம். ஒரு சூரியப்புள்ளியின் நடுப்பகுதியையும் ஓரத்தையும் தனித்தனியே ஆராய அது அவசியம். சூரியப் பிம்பத்தின் விட்டம் குவியத் தொலைவில் ஏறத்தாழ 108இல் ஒரு பங்கு. எனவே சிறிய லென்ஸ் போதும், ஆனால் குவியத் தொலைவு மிக நீளமாக இருக்க வேண்டும். கோடைக்கானல் சுரங்கத் தொலைநோக்கியின் லென்ஸ் 38 சென்டிமீட்டர்தான், அது உண்டாக்கும் சூரியப் பிம்பம் 34 சென்டிமீட்டர் அளவு. அதற்குத் தேவைப்படும் முப்பத்தாறு மீட்டர் சொச்சம் நீளக் குழாயை வானில் சூரியனைத் தொடர்ந்து திருப்ப முடியுமா? முடியாது. அதனால் லென்ஸைச் சுரங்கத்தில் அசையாமல் நிறுத்திவிட்டு, கோபுரத்தின் மேல் தட்டை ஆடிகளை வைத்து ஒளியைக் கீழே கொண்டுவருகிறார்கள். மேலுள்ள ஆடி 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுழல்கிறது. ஆடி ஒரு பாகை திரும்பினால் திரும்பும் ஒளி இரண்டு பாகை திரும்பும், அதனால் வானின் வேகத்தில் பாதி போதும். பாரிஸில் பொருட்காட்சிக்காகச் செய்து கைவிட்ட அதே ஏற்பாடு இங்கே பயனுள்ள வேலைக்கு உதவுகிறது.

அந்தப் பிம்பத்தை அவர்கள் வெறுமனே பார்ப்பதில்லை. ஒரு மெல்லிய பிளவு வழியாக, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானிக்குள் செலுத்துகிறார்கள். முப்பட்டகம் வானியலுக்குச் செய்த பேருதவி இங்கேதான். ஃபிரான்ஹோஃபர் 1814இல் சூரிய நிறமாலையில் நூற்றுக்கணக்கான கறுப்புக் கோடுகளைக் கண்டார். 1859இல் கிர்ச்சாஃபும் புன்சனும் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடுகள் உண்டு என்று நிறுவினார்கள். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் தென்னிந்தியாவைக் கடந்தது. பிரெஞ்சுக்காரர் ஜான்சன் குண்டூரிலிருந்தும், மெட்ராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் நிறமாலைமானிகளோடு பார்த்தார்கள். அப்போது தெரிந்த மஞ்சள் கோடு பின்னால் ஹீலியத்தின் கோடு என்று அறியப்பட்டது. அது சோடியத்தின் கோடு அல்ல என்று முதலில் உணர்ந்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்கியர் அதன் இடத்தை அளந்து வேறென்று காட்டினார் என்பது உறுதி, பூமியில் ராம்சே 1895இல் அந்த வாயுவைப் பிரித்தெடுத்தார் என்பதும் உறுதி. கோடைக்கானலில் எவர்ஷெட் 1909இல் சூரியப்புள்ளியின் ஓரங்களில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டதும் நிறமாலைக் கோடுகளின் சிறு நகர்வை அளந்துதான். இன்று பெரிய நிறமாலைமானிகளில் முப்பட்டகத்தின் இடத்தை, நுண்ணிய கோடுகள் கீறிய கீற்றணி பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. அது நிறங்களை இன்னும் அகலமாகவும் சீராகவும் பிரிக்கும்.

இனி உங்கள் பைனாகுலர். இரண்டு குவிலென்ஸ் வைத்த தொலைநோக்கி எதையும் தலைகீழாகவும் இடவலம் மாறியும் காட்டும். நட்சத்திரத்துக்கு அதனால் நட்டமில்லை, பறவை பார்ப்பவருக்குச் சரிவராது. இத்தாலியர் இக்னேசியோ போரோ 1854இல் இரண்டு முப்பட்டகங்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்து, ஒளியை நான்கு முறை திருப்பிப் பிம்பத்தை நேராக்கினார். பாதை மடிவதால் கருவியும் குட்டையாகிறது. இதற்கு ஆடி போதாதா என்றால், முப்பட்டகத்துக்குள் நடப்பது முழு அக எதிரொளிப்பு. போதிய சாய்வில் விழுந்தால் கண்ணாடிக்குள்ளிருந்து ஒளி வெளியேறவே முடியாது, அந்த எதிரொளிப்பில் ஒளி ஏறக்குறைய கொஞ்சமும் வீணாவதில்லை. அலுமினியப் பூச்சு ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கைத் தின்னும், நான்கு முறைக்கு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மேலும் முப்பட்டகத்தின் முகங்கள் ஒரே கண்ணாடித் துண்டில் வெட்டப்பட்டவை, அவற்றுக்கிடையே உள்ள கோணம் எந்தக் குலுக்கலிலும் மாறாது.

பிஏகே-4 விஷயத்துக்கும் இதில்தான் விடை. சாதாரணமாகப் பயன்படும் பிகே-7 கண்ணாடியில் மாறுநிலைக் கோணம், அதாவது ஒளி வெளியேறாமல் முழுதும் திரும்பத் தேவையான குறைந்தபட்சச் சாய்வு, ஏறத்தாழ 41.2 பாகை, பிஏகே-4இல் 39.6 பாகை. முப்பட்டக முகத்தில் நடுக்கதிர் 45 பாகையில் விழுகிறது, இரண்டிலும் தப்பாமல் திரும்பும். ஆனால் லென்ஸின் விளிம்பிலிருந்து சாய்ந்துவரும் கதிர் 40 பாகையை ஒட்டி விழக்கூடும். அது பிகே-7இல் கொஞ்சம் வெளியே கசிந்துவிடும், பிஏகே-4இல் கசியாது. சோதித்துப் பாருங்கள்: பைனாகுலரைக் கையெட்டும் தூரத்தில் நீட்டி வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்தால் கண் வைக்கும் லென்ஸில் ஓர் ஒளிவட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் நன்று. ஓரங்கள் சாம்பல் நிறத்தில் வெட்டுப்பட்டு நடுவில் சதுரம் போலத் தெரிந்தால், பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும் முப்பட்டகம் குறைவுதான். உங்களுடையது எந்த வகை என்று பார்க்காமல் என்னால் சொல்ல இயலாது. மலிவான பைனாகுலர்களில் அச்சை அப்படியே நம்ப வேண்டாம் என்பது மட்டும் என் அனுபவம்.

நில அளவைக் கருவிகளும் லென்ஸையே பிடித்துக்கொண்டிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. லென்ஸ் தன் இடத்தில் சற்றுச் சாய்ந்தால் பிம்பம் அதிகம் நகராது, ஆடி சாய்ந்தால் பிம்பம் இரண்டு பங்கு நகரும். தோளில் சுமந்து காடுமேடு திரியும் கருவிக்கு ஆடி ஆகாது. 1802இல் மெட்ராஸ் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண நில அளவையைத் தொடங்கிய லாம்டனின் தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியது. கோணம் அளக்கும் வட்டத் தகடு நெளிந்துபோக, அவரே வாரக்கணக்கில் உட்கார்ந்து அதை நிமிர்த்திவிட்டு மீண்டும் வேலையைத் தொடர்ந்தார்.

மகளுக்கு எதை வாங்குவது என்பதில் உறுதியானது சில, என் விருப்பு வெறுப்பு சில. உறுதியானது: பெட்டியில் ‘525 மடங்கு’, ‘675 மடங்கு’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். உருப்பெருக்கம் என்பது முன் லென்ஸ் அல்லது ஆடியின் குவியத் தொலைவைக் கண்ணருகு லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கிடைப்பது. சின்னக் கண்ணருகு லென்ஸ் போட்டால் எந்த எண்ணையும் எட்டலாம், பிம்பம்தான் களி போலக் கலங்கிக் கிடக்கும். விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே பயனுள்ள எல்லை. 60 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 120. பெரிய கருவிக்கும் நம் ஊர்க் காற்று பெரும்பாலான இரவுகளில் 200ஐத் தாண்ட விடாது. இன்னொன்று, 114 அல்லது 127 மில்லிமீட்டர் ஆடியைக் குட்டையான குழாயில் வைத்து விற்பவற்றில் பல, பரவளையத்துக்குப் பதில் கோள ஆடி கொண்டவை. குவியத் தொலைவு நீளமாக இருந்தால் கோளமும் போதும், 76 மில்லிமீட்டர் விட்டமும் 700 குவியத் தொலைவும் உள்ள ஆடியில் வேறுபாடு 0.1 மைக்ரான்கூட இல்லை. ஆனால் 150க்கு 750 என்றால் அது 1.2 மைக்ரான் அளவுக்குப் போய்விடும், பரவளையம் கட்டாயம். வாங்கும்போது இதைக் கேளுங்கள்.

என் விருப்பம்: படிக்கும் பிள்ளைக்கு 130 அல்லது 150 மில்லிமீட்டர் நியூட்டன் வகை ஆடித் தொலைநோக்கி, தரையில் வைத்துத் திருப்பும் எளிய மரத் தாங்கியோடு. அதே பணத்தில் ஆடி கொடுக்கும் அளவு லென்ஸில் கிடைக்காது. கோள்களைப் பார்க்க நல்ல லென்ஸே கூர்மை என்று வாதிடுபவர்கள் உண்டு. ஒரே விட்டத்தில் ஒப்பிட்டால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒரே விலையில் ஒப்பிட்டால் இல்லை. ஆடியில் அவ்வப்போது திருகுகளைத் திருப்பி ஒளிப்பாதையை நேராக்க வேண்டியிருக்கும், அதைத் தொல்லையாக நினைக்கும் வீட்டுக்கு 70 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். அவசரமும் இல்லை. அந்த 10×50 பைனாகுலரையே மொட்டைமாடிச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலவுகளும், கார்த்திகைக் கூட்டமும், ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் மங்கிய புகையும் தெரியும். ஓர் ஆண்டு அதில் பழகிவிட்டு வாங்கினாலும் நட்டமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். பைனாகுலரோ தொலைநோக்கியோ, எதையும் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது. கண்ணருகு லென்ஸில் திருகிவைக்கும் கறுப்புச் சூரியக் கண்ணாடி ஒன்று சில பெட்டிகளில் வரும், குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விடும், அடுத்த நொடியில் கண் போய்விடும். அதை முதல் நாளே குப்பையில் போடுங்கள். சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதும் மூடுவதாக இருக்க வேண்டும். அடுத்து, ஆடியில் தூசி படிந்தால் துணியால் துடைக்காதீர்கள். தூசி விழுங்கும் ஒளி மிகச் சொற்பம். துடைக்கும்போது மணல் துகள் அலுமினியப் பூச்சில் இழுக்கும் கீறல் நிரந்தரம். மிகவும் அழுக்கானால் ஆடியைக் கழற்றி, ஓடும் நீரில் காட்டி, சோப்புக் கரைசலில் நனைத்த பஞ்சை அதன் எடையிலேயே நகரவிட்டுக் கழுவி, கடைசியில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றிச் சாய்த்து உலரவிடுங்கள். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும்.